பதினைந்து கிராமுக்குள் ஒரு பதில்

புதுச்சேரி
விக்கிரம வருஷம், ஆவணி 3

சமுத்திரத்துக்கு அப்பால் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பிலிருந்து கடுதாசி வந்தது. மாப்பிள்ளை சிங்காரவேலுவின் கையெழுத்து. வழக்கம்போல் எனக்கும் சம்பந்தி உண்ணாமலைக்கும் சேர்த்து ஒரே உறை. அவளுக்கு எழுத்து தெரியாது. நான் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆகையால் கடுதாசி என் வீட்டுக்குத்தான் வரும். சொல்லி அனுப்பினால் அவள் இரண்டு தெரு தாண்டி ஓடி வருவாள். ஓடி வந்தாலும், ஏதோ இந்தப் பக்கம் வேலையாக வந்தவள் போலத்தான் உள்ளே நுழைவாள். இன்று கையில் ஒரு புடலங்காயோடு நுழைந்தாள்.

உரக்க வாசித்தேன். மாப்பிள்ளை எழுதியிருந்தது இது:

"அம்மாவுக்கும் அத்தைக்கும் நமஸ்காரம். நாங்கள் மூவரும் சுகம். கார்த்திகை மாத நடுவில் என் ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிகிறது. சர்க்கரை ஆலை முதலாளி இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். போட்டால் கையில் ரொக்கம் கொடுப்பார். போன தடவை உங்களைக் கேட்காமல் போட்டுவிட்டு, நீங்கள் இருவரும் கடற்கரையில் நின்று அழுததைப் பார்த்துக்கொண்டே கப்பல் ஏறினேன். இந்தத் தடவை கேட்டுத்தான் செய்வேன். இருக்கட்டுமா, திரும்பட்டுமா? இருவரும் கலந்து ஒரே பதிலாக எழுதுங்கள். அந்தப்படி நடக்கிறேன்."

கீழே என் மகள் செங்கமலம் இரண்டு வரி சேர்த்திருந்தாள். "அபிராமிக்கு நாலு வயது நடக்கிறது. பாட்டி என்றால் கடுதாசிக்குள் இருக்கும் ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்."

சம்பந்தி புடலங்காயைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கடைசி வரிய இன்னொரு வாட்டி படிங்க" என்றாள். படித்தேன். "இன்னொரு வாட்டி" என்றாள். கடுதாசியைப் பார்க்காமலே சொன்னேன்.

ஆவணி 4

மழைத் தூறல். வடகம் காயவில்லை. சம்பந்தி புடலங்காயைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

ஆவணி 6

சம்பந்தி வந்தாள். பதிலைப் பற்றிப் பேச வந்தவள் நேராகப் பேசவில்லை. எண்ணெய் விலை, கோவில் தேர், எதிர்வீட்டு மாடு எல்லாம் பேசி முடித்து, "அப்புறம், நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்றாள்.

"உங்க மகன். நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

"உங்க பொண்ணும்தான் கூட இருக்குது."

"என் பொண்ணைக் கட்டிக் கொடுத்துட்டேன். அதுக்கு மேல எனக்கென்ன பேச்சு?"

அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, மகன் இன்னும் ஐந்து வருஷம் இருந்தால் ஓட்டு வீடு கட்டிவிடலாம், மனை பார்த்தாகிவிட்டது, தெருவெல்லாம் சொல்லியும் ஆகிவிட்டது என்றாள். நான் மட்டும் சளைத்தவளா. என் பேத்தி நாலு வயதிலேயே பிரெஞ்சில் பாட்டுப் பாடுகிறாள், இன்னும் ஐந்து வருஷம் அங்கே இருந்தால் கவர்னர் பெண்சாதியோடு உட்கார்ந்து பேசுவாள் என்றேன்.

"அப்ப இருக்கட்டும்னே எழுதிடலாமா?"

"எழுதிடலாம். எனக்கொண்ணும் இல்லை."

"எனக்கு மட்டும் என்னா இருக்குது?"

முடிவாகிவிட்டது. அவள் எழுந்து போய், வாசல் தாண்டி, திரும்பி வந்து, "சொம்பு தண்ணி குடுங்க" என்று வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவருக்குச் சாயத்தோட்டத்தில் மேஸ்திரி வேலை. துணிக்கு அவுரி நீலம் ஏற்றி ஏற்றி முழங்கை வரை நீலமாக இருப்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் பொய் சொல்றதுல மகா கெட்டிக்காரிங்க" என்று சொல்லி, சாப்பிட உட்கார்ந்தார். ஆண்களுக்கு என்ன தெரியும்.

ஆவணி 8

செட்டித் தெருவில் சின்னக் கொலுசு ஒரு ஜோடி வாங்கினேன். நாலு வயதுக் காலுக்குச் சரியாக இருக்கும். விலை மலிவாக வந்தது, அதற்காகத்தான். பிறகு யாருக்காவது கொடுத்துக்கொள்ளலாம்.

ஆவணி 13

இன்று எழுத உட்கார்ந்தோம். மாசக் கப்பல் 18-ஆம் தேதி வருகிறது. அதைத் தவற விட்டால் அடுத்தது புரட்டாசியில்தான். அந்தப் பதில் போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டே ஆக வேண்டியிருக்கும். கடுதாசி போகும் வழியை நான் வாய்ப்பாடு போலச் சொல்வேன். இங்கிருந்து கப்பலில் சூயஸ் கால்வாய் வழியாக மர்சேய் பட்டணம். அங்கிருந்து ரயிலில் பிரான்சு தேசத்தைக் குறுக்கே கடந்து இன்னொரு துறைமுகம். அங்கே வேறொரு புகைக்கப்பலில் ஏற்றி அத்லாந்திக்குச் சமுத்திரத்தைத் தாண்டினால் குவாதலூப்பு. ஐம்பது, ஐம்பத்தைந்து நாள்.

அவர்கள் கப்பல் ஏறின வருஷத்தில் தபால் கூலி தாறுமாறாக இருந்தது. பிரெஞ்சுக் கப்பலில் போனால் ஒரு கூலி, இங்கிலீஷ்காரன் கப்பலில் போனால் வேறு கூலி, நடுவில் எந்த ராஜ்யத்தைத் தொட்டாலும் அவனுக்கு ஒரு பங்கு. பிறகு ராஜ்யங்களெல்லாம் கூடிப் பேசி எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இப்போது எந்தக் கப்பலில் போனாலும் பதினைந்து கிராமுக்கு ஒரு தபால் தலை. ஒரு பொட்டு கூடினால் இரண்டு தலை ஒட்ட வேண்டும். ராஜ்யங்கள் கூடிப் பேசித் தீர்த்தாலும், நானும் சம்பந்தியும் எங்கள் கணக்கை அந்த நாளில் போட்டபடியே வைத்திருக்கிறோம். ஒரு உறை, ஆளுக்குப் பாதிக் கூலி, ஆளுக்கு ஒரு தாள். பெண் வீட்டார் காசில் தன் கடுதாசி போனது என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது அவளுக்கு. மாப்பிள்ளை வீட்டார் காசில் என் கடுதாசி போனது என்று யாரும் சொல்லக் கூடாது எனக்கு.

முதலில் அவள் பங்கு. அவள் சொல்ல நான் எழுதினேன். மனை எத்தனை அடி, கிணறு எந்த மூலையில், கதவுக்கு எந்த மரம் என்று நீண்டுகொண்டே போனது. நடுவில் நிறுத்தி, "நான் சொல்றததான எழுதுறீங்க?" என்றாள்.

"வேற என்ன எழுதுவேன்?"

"படிங்க."

படித்தேன். "தேக்குன்னு சொன்னேனே, அது வந்துச்சா?"

"வந்துச்சு."

"எங்க, காட்டுங்க." காட்டினேன். எழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத்தனூண்டா?" என்றாள்.

பிறகு என் பங்கு. பேத்தியின் படிப்பு, தெருவில் அவளுக்குள்ள பெயர், நான் யாரிடம் எதைச் சொன்னேன், அவர்கள் வாயடைத்துப் போனது எல்லாம் அழகாக வந்தது. இரண்டு தாளிலும் முன்னும் பின்னும் இடமில்லை. கடைசி வரியில் "ஆகையால் இருந்து சம்பாதித்து வாருங்கள்" என்று இரண்டிலும் ஒரே மாதிரி எழுதினேன்.

எழுதி முடித்ததும் சம்பந்தி, "நல்லா இருக்குது" என்றாள். நானும் நல்லா இருக்கிறது என்றேன்.

ஆவணி 17

பத்தர் கடைத் தராசில் கடுதாசியை நிறுத்தோம். பதினைந்து கிராமுக்கு எங்கள் கணக்கு, ஒரு தட்டில் ஒரு ரூபாயும் ஒரு கால் ரூபாயும். மறு தட்டில் உறையும் இரண்டு தாளும். முள் நடுவில் நின்றது. பத்தரே, "தங்கம் நிறுத்தாக்கூட இப்படி நிக்காது" என்றார்.

வீட்டுக்கு வந்து நல்ல சேதி போகிற கடுதாசிக்குச் செய்கிறபடி, என் தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். சம்பந்தி தன் தாளுக்குத் தன் கையாலேயே தடவுவேன் என்றாள். தாராளமாகத் தடவினாள். பிறகு நான் உறைக்கும் தடவினேன். நான் தடவியதைப் பார்த்து அவளும் ஒரு தரம் தடவினாள்.

ஆவணி 18

இன்றைக்கு நடந்ததை எழுத வேண்டும். கை வலித்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையிலேயே இருவரும் தபால் கச்சேரிக்குப் போனோம். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது. கடற்பாலத்தில் கொடி ஏற்றியிருந்தார்கள். கொடி இறங்கினால் தபால் மூட்டை படகில் ஏறிவிடும்.

ஜன்னலில் இருக்கும் குமாஸ்தா சவரிநாதரை முசியே என்றுதான் கூப்பிட வேண்டும், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். தொப்பி போட்டாலும் நம்மூர்க்காரர். உறையை வாங்கித் தராசில் போட்டார். "பதினேழு" என்றார்.

"நேத்து பதினஞ்சு" என்றேன்.

"நேத்து எங்கே?"

"பத்தர் கடையில."

அவர் உறையை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு விரலைப் பார்த்தார். மஞ்சள். "ஏம்மா, இது கடுதாசியா, கல்யாணப் பொண்ணா?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "காயவே இல்லை. ரெண்டு கிராம் மஞ்சள்தான். இன்னொரு தலை ஒட்டிடுங்க."

நான் முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். "நான் குடுக்கிறேன்" என்றேன்.

சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதெப்படி? உங்க காசுல என் மஞ்சள் போவுமா? நான் குடுக்கிறேன்."

"உங்க காசுல என் தாள் போக வேணாம்."

"அப்ப பாதி பாதி" என்றார் முசியே.

"அவங்க மஞ்சள்தான் அதிகம், நான் எதுக்குப் பாதி குடுக்கணும்?" என்றேன். இது வாயில் வந்திருக்க வேண்டாம்.

"ஒறைக்கு முதல்ல தடவுனது யாரு?" என்றாள் அவள்.

ஒரே தலையோடு விட்டுவிடலாமா என்று கேட்டேன். விட்டால் அங்கே மாப்பிள்ளையிடம் இரட்டிப்பாக வாங்குவார்கள் என்றார் முசியே. போன வருஷம் அப்படி ஒன்று நடந்து, என் மகள் நாசூக்காக எழுதிக் காட்டியிருந்தாள். அந்த மானக்கேடு மறுபடி வேண்டாம்.

"அப்ப ஒரு தாளை எடுத்திடுங்க" என்றார் முசியே.

"உங்கதை எடுங்க" என்றாள் சம்பந்தி.

"உங்கதை எடுங்க" என்றேன்.

முசியே கடற்பாலத்துப் பக்கம் பார்த்தார். பிறகு உறையைப் பிரித்து இரண்டு தாளையும் உருவி எங்கள் முன்னால் போட்டார். மஞ்சள் அப்பிய உறையையும் தள்ளிவிட்டு, புது உறை ஒன்றும், ஒரு துண்டுக் காகிதமும், பேனாவும் மைக்கூடும் கொடுத்தார். "விலாசம் எழுதுங்க. பதிலை மட்டும் இந்தத் துண்டுல ரெண்டு பேருமாச் சேர்ந்து எழுதுங்க. கொடி இறங்கப் போகுது."

விலாசம் எழுதினேன். துண்டில் "சிரஞ்சீவி சிங்காரவேலுவுக்கும் செங்கமலத்துக்கும்" என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். "சொல்லுங்க" என்றேன்.

சம்பந்தி வாயைத் திறந்தாள். ஓட்டு வீடு வரவில்லை. தேக்கு வரவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்களே எழுதுங்க" என்றாள்.

"என்னன்னு?"

"உங்களுக்கு என்ன தோணுதோ அது."

"நான் எழுதிட்டு, நாளைக்கு வீடு போச்சுன்னு என்னைச் சொல்லக் கூடாது."

"எழுதுங்கன்றேன்."

எழுதினேன். எழுதியதை மெல்லப் படித்துக் காட்டினேன். "உடனே புறப்பட்டு வாருங்கள்."

திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கழுத்தை நீட்டித் துண்டைப் பார்த்து, "வாருங்கள்னா போதும். புறப்பட்டு எதுக்கு? எடை ஏறும்" என்றாள்.

'புறப்பட்டு' என்பதை அடித்தேன். என் பெயரைத் 'தையல்நாயகி' என்று எழுதினேன். அவள் மையைத் தொட்டு, கட்டைவிரலை அழுத்தி வைத்தாள். முசியே உறையில் போட்டு நிறுத்தார். "இன்னும் எட்டு கிராமுக்கு இடம் இருக்குது. வேற ஏதாவது எழுதணுமா?"

"வேணாம்" என்றோம் இருவரும்.

திரும்பி வரும்போது சம்பந்தி தன் பழைய தாளை என்னிடம் கொடுத்து, "இதுல மனை அளவு இருக்குது. பத்திரமா வையுங்க" என்றாள். அவளுடைய விரலில் மை. என்னுடைய விரலிலும் மை. வீட்டு வாசலில் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது இவர், "இப்பத்தான் நம்ம குடும்பக் கை மாதிரி இருக்குது" என்றார்.

ஆவணி 19

உளுந்து ஊற வைத்தேன். நல்ல பசி.

புரட்டாசி 20

பக்கத்து வீட்டு நாலு வயதுப் பெண்ணை நிற்க வைத்துப் பாவாடைக்கு அளவு எடுத்தேன். அவள் அம்மா ஏன் என்று கேட்டாள். சும்மா, துணி வீணாகிறது என்றேன்.

ஐப்பசி 11

புயல். கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. என் கணக்குப்படி கடுதாசி இந்நேரம் குவாதலூப்பில். சம்பந்தி நனைந்துகொண்டு வந்து, "சேர்ந்திருக்கும் இல்ல?" என்று கேட்டாள். சேர்ந்திருக்கும் என்றேன். வந்த காரியம் முடிந்துவிட்டது. ஆனாலும் மழை விட்டும் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தாள்.

மார்கழி 12

கப்பல் வந்தது. பதில் இல்லை. நாங்கள் இருவரும் தபால் கச்சேரி ஜன்னலில் நின்று மூட்டை முழுக்கப் பிரிக்கும் வரை பார்த்தோம். சவரிநாத முசியே கடைசியில் காலி மூட்டையை உதறியே காட்டினார்.

வழியில் சம்பந்தி, "கோவிச்சுக்கிட்டானோ?" என்றாள். "உடனேன்னு எழுதினோமே, அது அதிகாரமா இருந்துச்சோ?"

"நீங்க சொல்லித்தானே 'புறப்பட்டு' எடுத்தேன். அது இருந்திருந்தா மரியாதையா இருந்திருக்கும்."

சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

மார்கழி 29

பொங்கலுக்கு வெள்ளையடித்தோம். கொலுசைத் துடைத்து வைத்தேன். வெள்ளி கறுத்துவிடுகிறது, அதனால்.

தை 14

இன்று கப்பல் நாள். இந்தத் தடவையும் பதில் இல்லாவிட்டால் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றுதான் அர்த்தம், இன்னும் ஐந்து வருஷம் என்று சம்பந்தியிடம் சொன்னேன். "போட்டா போடட்டும்" என்றாள். இருவரும் கடற்பாலத்துக்கே போய்விட்டோம். இவரும் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தார்.

படகுகள் வரத் தொடங்கின. முதல் படகில் தபால் மூட்டை. நான் மூட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது படகை இவர்தான் பார்த்தார். "தையல்" என்றார். முப்பது வருஷத்தில் வெளியிடத்தில் இவர் என் பெயரைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

படகில் செங்கமலம். பக்கத்தில் மாப்பிள்ளை. அவர் தோளில் தொப்பி வைத்த ஒரு குழந்தை.

என் மகள் படியேறும்போதே அழுதுகொண்டு வந்தாள். சந்தோஷத்தில் என்று நினைத்தேன். மேலே வந்து என்னைப் பார்த்தாள். அழுகை நின்றது. சம்பந்தியைப் பார்த்தாள். அப்பாவைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். மாப்பிள்ளை உதடு அசைய எங்களை ஒவ்வொருவராக எண்ணினார். எண்ணி முடித்து, "எல்லாரும் இருக்கீங்களே" என்றார்.

"இருக்கக் கூடாதா?" என்றாள் அவருடைய அம்மா.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஐந்து வருஷமாக முன்னும் பின்னும் இடமில்லாமல் எழுதியவர்களிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம் போயிருக்கிறது. 'உடனே' என்று. நடுவில் ஒரு சொல்லை அடித்து. ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. கீழே, துக்கக் கடுதாசி போல, கறுப்பாக ஒரு விரல். பார்த்ததும் என் மகள் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். சாகக் கிடப்பது யார், கடுதாசி வருவதற்குள் போயே விட்டார்களா என்று எழுதிக் கேட்க இருவருக்கும் தைரியமில்லை. ஒப்பந்தம் முடிந்த அன்றே கிளம்பியிருக்கிறார்கள். காத்திருந்தால் ஆட்களைத் திருப்பி அனுப்பும் கப்பலில் காசில்லாமல் வந்திருக்கலாம். சேர்த்ததில் பாதியைக் கொடுத்து, தபால் போகிற கப்பலிலேயே மேல்தட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள்.

"பாதி வீடு போச்சு" என்றார் மாப்பிள்ளை.

"மீதிப் பாதியில ஓலை போட்டுக்கலாம்" என்றாள் சம்பந்தி. சொல்லிவிட்டு மகனுடைய முழங்கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

"மஞ்சள் தடவுறதுக்கென்ன, அத்தே?" என்று மாப்பிள்ளை என்னிடம் கேட்டார். அவரிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது.

அதற்குள் குழந்தை அப்பா தோளிலிருந்து இறங்கிவிட்டது. வழியெல்லாம் பெரியவர்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறது. தொப்பியைத் தூக்கி, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, நல்ல சுத்தமான தமிழில் கேட்டது.

"இதுல செத்துப்போன பாட்டி யாரு?"

சம்பந்தி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "அவங்கதான்" என்று என்னைக் காட்டினாள்.

அபிராமி என்னை மேலும் கீழும் நன்றாகப் பார்த்தாள். இத்தனை தூரம் அத்லாந்திக்கைத் தாண்டி எதைப் பார்க்க வந்தோமோ அதுதான் வேண்டும் என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். வீடு வந்து சேரும் வரை என் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. உயிரோடு இருக்கும் பாட்டி பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.